பூங்கோதையின் அமுதக்குப்பிகள்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் உள்ள குடியிருப்பில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சங்கு ஊதும். உடனே எல்லோரும் பாயை விரித்துப் படுத்துவிட வேண்டும். பிராணவாயு இயந்திரத்தை நிறுத்தி ரோபோக்கள் கழுவித் துடைத்து முடிக்கும் வரை யாரும் நடக்கக் கூடாது, குதிக்கக் கூடாது, வாய்ச்சண்டை கூடப் போடக் கூடாது. மூச்சு வீணாகும். குடியிருப்புத் தலைவரே ஆனாலும் படுத்தே தீர வேண்டும். இதற்குக் ‘கிடைநேரம்’ என்று பெயர்.

சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்காதா? அதற்குத்தான் காதுக்குப் பின்னால் மூளைச்செருகி. உடம்பு பாயில் கிடக்கும். மனசு வாளைத் தூக்கிக்கொண்டு ‘மரகதக் கோட்டை’ விளையாட்டுக்குள் போய்விடும்.

குழாய்ப் பொறியாளர் பூங்கோதை அந்த விளையாட்டின் மூலக்கதையை முடித்து, அதன் பிறகு கூடுதல் பாகங்களாக வந்த கடல் விரிவு, பனி விரிவு, பாதாள விரிவு என்று ஒன்று விடாமல் ஆடியிருந்தாள். கூடவே வேங்கன். குள்ளமான ஈட்டிக்காரன், கணினி படைத்த துணையுரு. துணையுருக்கள் தம்மை வைத்து ஆடுபவரைப் பார்த்துப் பார்த்தே பழகும். வேங்கனும் தும்மி முடித்தால் பூங்கோதை மாதிரியே “அப்பாடா” என்பான். அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு பாசம்.

அவளிடம் ஒரு சாக்கு நிறைய அமுதக்குப்பிகள் இருந்தன. ஒன்றைக் குடித்தால் சாகக் கிடப்பவனும் எழுந்து உட்காருவான். ஆனால் ஒன்றைக்கூட அவள் திறந்ததில்லை. கடல் விரிவில் ராட்சதக் கணவாய் விலா எலும்பை நொறுக்கியபோதும் வெறும் கஞ்சியைக் குடித்தே சமாளித்தாள்.

“அதை என்ன ஊறுகாயா போடப் போறே?” என்பார் பக்கத்துப் பாயில் கிடக்கும் கணவர் பரிதி.

“உங்களுக்கென்ன தெரியும்? அடுத்த விரிவுல இதைவிடப் பெரிய பூதம் வந்தா?”

வந்தது. அப்போதும் திறக்கவில்லை. அதைவிடப் பெரியது வரலாமே!

இப்போது வந்திருப்பது எரிமலை விரிவு. இதுவே கடைசி என்று விளையாட்டு நிறுவனம் அறிவித்துவிட்டது. இதில் துணையுரு செத்தால் மறுபிறப்பு கிடையாது, கற்றதெல்லாம் அழிந்துபோகும் என்றும் சொல்லிவிட்டது. பூங்கோதைக்குச் சோறு இறங்கவில்லை. “வெறும் நிரல்தானே, விடு” என்ற பரிதியுடன் அன்று முழுக்க அவள் பேசவில்லை.

கடைசிச் சண்டையில் கல்விழுங்கிப் பூதத்தை அவள் வெட்டிச் சாய்த்தாள். சாகும்போது அது வாலைச் சுழற்றியது. அடி வேங்கன் நெஞ்சில் விழுந்தது. பாறையோரம் சுருண்டு கிடந்தவனின் உயிர்க்கோடு கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சாக்கை அவிழ்த்தாள். அப்போதும் கை ஒரு கணம் தயங்கியது. ‘சீ, என்ன புத்தி இது!’ என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு குப்பியைத் திறந்தாள்.

“வாயைத் திறடா.”

வேங்கன் பதறிப்போனான். “அய்யய்யோ, அதை ஏங்க்கா திறந்தீங்க? மூடி வைங்க. கொஞ்சம் கஞ்சி இருந்தாக் குடுங்க, போதும்.”

“செத்துப்போயிடுவடா!”

“அதெல்லாம் தானா சரியாயிடும். அப்புறம் வேணும்னா என்ன பண்ணுவீங்க?”

“அப்புறம்னு ஒண்ணு இல்லடா. இதுதான் கடைசி.”

“அப்படித்தான் சொல்லுவாங்க்கா. எதுக்கும் இருக்கட்டும்.”

பூங்கோதைக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை விரிவுகளிலும் ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததாக அவள் நினைத்திருக்க, பயல் கற்றுக்கொண்டது இதைத்தானா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் மூக்கை இறுகப் பிடித்து, குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டுவதுபோல மொத்தத்தையும் வாயில் ஊற்றினாள். அங்கே பாயில் அவள் கால்கள் உதைத்துக்கொள்ள, காவல் ரோபோ வந்து “மூச்சு வீணாகிறது” என்று எச்சரித்தது. பரிதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேங்கன் இருமினான். முகத்தில் ரத்தம் ஏறியது. எழுந்து உட்கார்ந்தான்.

“என் ராசா!” என்று அவனைக் கட்டிக்கொண்டாள் பூங்கோதை. வந்த சந்தோஷத்தில் காலிக் குப்பியை எரிமலைக்குள் வீசக் கையை ஓங்கினாள்.

வேங்கன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“தூக்கிப் போட்டுடாதீங்க்கா! நல்ல கெட்டிக் குப்பி. கழுவி வெச்சா மிளகு போட்டு வைக்கலாம்.”

அவனை முறைத்தாள் பூங்கோதை. பிறகு குனிந்து, மூடி எங்கே விழுந்தது என்று தேட ஆரம்பித்தாள்.