வைத்துப் பார்க்காத காய்ச்சல்

மாலை ஆறு மணிக்குப் படுக்கையறையில் தெர்மாமீட்டர் பீப் பீப் என்று சத்தம் கொடுத்தது. யாராவது அக்குளில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால்தான் அது அப்படிக் கத்தும். ரத்தினவேலோ கூடத்தில் தனியாக, மூக்கண்டப்பள்ளி தெருமுனையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் கம்பெனி பஸ்ஸின் புகையும் பக்கத்து வீட்டுப் பூண்டுத் தாளிப்பும் ஜன்னல் வழியே கலந்து வர, மகன் ஆனந்த் வாங்கி வைத்துவிட்டுப் போன இட்லி ஆறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி வீரலட்சுமி இறந்து அன்றோடு பதினெட்டு நாள்.

பேட்டரி கோளாறு என்று சொல்லிக்கொண்டார். மனசு கேட்டால்தானே.

அறுபது தாண்டியவர்களுக்கு, ரத்தத்தில் பரவும் கிருமித் தொற்றைத் தடுக்க ஒரு புது ஊசி. அதைச் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் தேடினார்கள். "நமக்கு இல்லேன்னாலும் நாலு பேருக்கு ஆகுமில்ல" என்று முதலில் பெயர் கொடுத்தவள் வீரலட்சுமிதான். அவள் பின்னாலேயே ரத்தினவேலும் போட்டுக்கொண்டார். ஊசியில் இருப்பது மருந்தா, வெறும் உப்புத் தண்ணீரா என்று போட்டவருக்கே தெரியாது. ஆறு நாள், மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் பார்த்து கார்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எழுதுகிற பொறுப்பு ரத்தினவேலுடையது. முப்பத்தோரு வருஷம் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவர். மணிக்கொரு தரம் அளந்து எழுத வேண்டிய ஷீட்டை ஷிப்ட் தொடங்கும்போதே மொத்தமாக நிரப்பிவிட்டு டீக்குப் போகிற கை அது. சந்தேகம் வராமலிருக்க 98.2, 98.4, 98.3 என்று மாற்றி மாற்றி, இரண்டு கார்டுகளையும் முதல் நாளே முடித்துவிட்டார்.

நாலாம் நாள் வீரலட்சுமி கூப்பிட்டாள். "என்னங்க, ஒடம்பு கொதிக்குது. வெச்சுப் பாருங்களேன்."

"நார்மல்னு எழுதியாச்சு. கசாயம் குடிச்சிட்டுப் படு."

ஊசி போட்ட நர்ஸ் ரேவதி போன் செய்து கேட்டபோதும், "ரெண்டு பேருக்கும் நார்மல்மா" என்றார்.

ஆறாம் நாள் அவள் எழவில்லை. சிறுநீரில் பிடித்த தொற்று ரத்தத்தில் ஏறிவிட்டதாம். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். ஊசிதான் அம்மாவைக் கொன்றது என்று ஆனந்த் ஊரைக் கூட்டிக் கத்தினான். பாவி மனுஷன் ரத்தினவேல், பார்க்காமலே எழுதியதைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

நாளைக்குக் கார்டை வாங்க ரேவதி வருகிறாள். பிரிட்ஜ் மேலிருந்து வீரலட்சுமியின் கார்டை எடுத்தார்.

நாலாம் நாள் கட்டத்தில் அவர் எழுதிய எண் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வீரலட்சுமியின் சாய்ந்த கையெழுத்தில், 101.6. அடுத்தது 103.2. அடுத்தது 104.8.

கட்டங்கள் அங்கே முடிகின்றன. எண்கள் முடியவில்லை. அவளைப் புதைத்த தேதி. மறுநாள். அதற்கும் மறுநாள். 84. 79. 72. மண்ணின் குளிர்.

கடைசி வரியில் இன்றைய தேதி. மை விரலில் ஒட்டியது.

உள்ளே கட்டில் முனகியது.

"என்னங்க. இப்பவாவது வெச்சுப் பாருங்க."

அவர் போனார். போகாமல் எப்படி இருப்பார்? நாற்பது வருஷம் கூட வாழ்ந்த குரல். அறையில் கசாய வாசனை. அதற்கடியில் ஈர மண். போர்வைக்குள் ஓர் உருவம், சுவர்ப்பக்கம் திரும்பி.

"லட்சுமி... தப்பு பண்ணிட்டேன் தாயி. ஆனந்துகிட்ட சொல்லிடறேன். நர்ஸம்மாகிட்டயும் சொல்லிடறேன்."

அழுதார். அழுதுகொண்டே தெர்மாமீட்டரை எடுத்தார். போர்வைக்குள் கையை விட்டார். அக்குளைத் தேடி வைத்தார்.

அவள் கை மேலிருந்து இறங்கியது. மெதுவாக. அவர் விரல்களையும் சேர்த்து அழுத்தியது.

காத்திருந்தார். ஒரு நிமிடம். இரண்டு.

கையை இழுத்தார். வரவில்லை.

கூடத்தில் போன் அடித்தது. ஆனந்தாகத்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. போர்வைக்குள் அந்தக் கை இன்னும் கொஞ்சம் இறுகியது.