பட்டன் போனில் ஆறு இலக்கம்

“ஏனுங்க, நம்பர் வந்துருச்சுங்களா?”

லோகப்பிரியா நிமிர்ந்தாள். பட்டறை வாசலில் ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றான். மழையில் கழுவிவிட்ட மாதிரி கண்கள்...

“நீங்க?”

“கிருபாசங்கருங்க, போத்தனூர் குடோன். இந்தப் பக்கம் வந்த எடத்துல மழையில செல்லு செத்துப்போச்சு. பக்கத்துக் கடையில கம்ப்யூட்டர்ல பணம் போட்டுட்டு ஓடியாரேன். ஓடிபி சொல்லுங்க.”

மேசையில் பட்டன் போன் அதிர்ந்து அடங்கியது.

கணபதி ஏரியாவில் முதலாளி திருமலைசாமியின் பம்புப் பட்டறைக்கு வரும் பாங்கு மெசேஜ் எல்லாம் அந்த மலிவு போனுக்குத்தான். ஒருமுறை ஏதோ லிங்க்கைத் தொட்டு ஏமாற இருந்தவர் அவர். நெட் இல்லாத போனுக்குள் எவனும் நுழைய முடியாதாம். கிருபாசங்கர் போத்தனூரில் பட்டறைக்குச் சாமான் வாங்கிப் பணம் போட்டதும் கூப்பிடுவான். அவள் நம்பரைப் படிப்பாள். அவன் குரலுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

“உங்களப் பாத்ததே இல்லீங்களே. எப்படி நம்பறது?”

“குரல் தெரியலீங்களா?”

“மிமிக்ரி பண்றவங்க நெறையப் பேர் இருக்காங்க.”

லேத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது.

“இத்தன நாள் பேசியும் திருடனாட்ட நிக்க வெச்சுட்டீங்க. இருக்கட்டுங்க.”

மழையில் இறங்கிப் போய்விட்டான். ஓடிபி காலாவதியானது.

அவளுக்குத் தெரியும். அவன் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. முதலாளியே போனில் நம்பரைக் கேட்டு வாங்கி அவனுக்குச் சொன்னார். போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுப்பாள்... திருமலைசாமியின் இருமல் கேட்கும். காதல் வந்தால் கவிதை வருமாம். அவளுக்கு வந்தது ஆறு இலக்கம். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

வீம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

“நான் பணம் எதும் போடலீங்களே,” என்றான் கிருபாசங்கர்.

“நம்பர் சொல்லக் கூப்பிடலீங்க. அன்னைக்கு... நீங்கதான்னு எனக்குத் தெரியும்.”

“அப்பறம் எதுக்குங்க அந்தக் கூத்து?”

“சொல்லிப்போட்டா ஒடனே போயிருவீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னுதான்...” போனை மறு காதுக்கு மாற்றினாள். “உங்களப் புடிச்சிருக்குதுங்க. வெளையாட்டுக்குப் பேசிக் கெடுத்துப்போட்டேன்.”

குடோனில் யாரோ இரும்பை இறக்கும் சத்தம் மட்டும். வைத்துவிட்டானோ...

“அம்மணி.”

“சொல்லுங்க.”

“நீங்க நம்பர் படிக்கறப்ப, சத்தத்துல கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்கன்னு எப்பவும் கேப்பேன்ல?”

“ஆமாங்க.”

“எல்லாம் மொதத் தடவையே கேட்டுரும்ங்க.”