படிக்காமல் பைசல்

யாரும் மனு கொடுக்காமலே ஒரு வாரிசுச் சான்றிதழ் தயாராகியிருந்தது. இறந்தவர் பெயர் ரெமிஜியஸ். அந்த மனிதர் மதியம்தான் எழுத்தர் ஃபிளோராவின் மேசைக்கு எதிரே நின்று பட்டா மாறுதலுக்காக மல்லுக்கட்டிவிட்டுப் போனார். இறந்த தேதி என்று இன்றைய தேதி போட்டிருந்தது. ஆனால் கோப்பு நேற்றே முடிக்கப்பட்டிருந்தது.

அந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆணை எழுதும் ஏஐ வந்து இரண்டு மாதம் ஆகிறது. அது எழுதும். ஃபிளோரா படித்துச் சரிபார்த்து, கோப்பை முடித்துவைக்கும் 'பைசல்' பொத்தானை அழுத்த வேண்டும். படிப்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு. மாலையானால் வட்டாட்சியர் ஜெயபாரதி கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு எத்தனை பைசல்?" நேற்று நாற்பது. ஒன்றைக்கூட அவள் படிக்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஈர வைக்கோல் வாசனையும் பழைய அடங்கல் நிலப்பதிவேட்டுக் கட்டுகளின் புழுங்கல் நாற்றமும் கலந்து அறையில் மெல்லப் பரவ, எல்லாரும் கிளம்பிப்போன முதல் மாடியில் கணினியின் விசிறி மட்டும் யாரோ மூச்சுவிடுவதுபோல் இரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தச் சத்தமே பிடிக்கவில்லை.

காவலாளி அப்துல் ரஹ்மான் நனைந்தபடி எட்டிப்பார்த்தார். "மத்தியானம் சண்டை போட்டாரே ரெமிஜியஸ், தவறிட்டாருங்க மேடம். பஸ் மோதிடுச்சு."

சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். ஃபிளோரா மறுபடி திரையைப் பார்த்தாள். தற்செயலா? நம்ப முடியவில்லை. நேற்றைய நாற்பதையும் முதல்முறையாகப் படிக்க ஆரம்பித்தாள்.

முப்பத்தேழாவது கோப்பு.

இறந்தவர்: அடைக்கலராஜ். அவள் கணவன். தேதி: இன்று. இடம்: நீடாமங்கலம் சாலை. மனைவி ஃபிளோரா: காலமானார். வாரிசு: மகள் விண்ணரசி, வயது ஏழு.

சரிபார்த்தவர்: ஃபிளோரா.

ரத்து செய்யப் பார்த்தாள். 'பைசலான கோப்பைத் திறக்க அனுமதி இல்லை.'

கீழே ஹாரன் அடித்தது. அவளை அழைத்துப்போக அடைக்கலராஜ் பைக்கில் வந்துவிட்டான். உடனே போன் செய்தாள்.

"வண்டியை எடுக்காதீங்க! ரோட்டுப் பக்கமே போக வேணாம். அங்கேயே போட்டுட்டு மேல வாங்க."

"என்னாச்சு? ஏன் அழுவுற?"

"வாங்களேன், சொல்றேன்."

"சரி, இரு. வர்றேன்."

அப்பாடா என்றிருந்தது. தப்பித்தோம். சாலையே வேண்டாம். விடிய விடிய இங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

திரை ஒருமுறை மினுங்கியது.

இடம்: வட்டாட்சியர் அலுவலகம், முதல் மாடி.

படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தம். அதற்குப் பின்னால், அதே தாளத்தில், இன்னொரு காலடி.