வழிப்பட்டையில் ஒரு முகம்

அன்று காலை சேந்தன் தன் மனைவியின் முகத்துக்கு வாழையிலைப் பச்சையைத் தேர்ந்தெடுத்தான். போன வாரம் முழுக்க மயில்கழுத்து நீலம், அலுத்துவிட்டது. சட்னிக் கிண்ணத்தோடு வந்த தமயந்தியின் கழுத்துக்கு மேலே பச்சை பளிச்சென்று பரவியது. அதில் வெள்ளை எழுத்தில் 'தமயந்தி, மனைவி, நலம்' என்று வந்தது. இடது ஓரத்தில், பேச்சை முடித்துக்கொண்டு நழுவுவதற்கான சின்ன அம்புக்குறி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

செவ்வாய்க் கிரகத்தின் செங்குடியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. காது குத்துகிற வயதிலேயே குழந்தையின் கண்ணில் விழிப்படலம் பொருத்திவிடுவார்கள்; பூமியிலிருந்து வருகிறவர்களுக்கு வந்து இறங்கியதுமே. நாம் கையில் வைத்துக்கொண்டு தேய்க்கிறோமே, அந்தத் திரையெல்லாம் அவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே இருக்கிறோம், யாரிடம் பேசுகிறோம், எப்படித் திரும்பிப் போவது என்று சொல்லும் வழிப்பட்டை முதலில் பார்வையின் மேல் விளிம்பில்தான் இருந்தது. கண்ணைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிக்கிறது என்று ஜனங்கள் முனகினார்கள். மனிதக் கண் தானாகப் போய் நிற்கும் இடம் எது என்று கம்பெனி ஆராய்ந்தது. எதிரே இருப்பவரின் முகம் என்று விடை வந்தது. அப்படியானால் பட்டையை அங்கேயே வைத்துவிடு என்றார்கள்.

அடேயப்பா, என்ன வரவேற்பு! பெயரை மறந்துவிட்டு அசடு வழிய வேண்டாம். மாமியார் முகத்தைச் சுளித்தாளா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எதிரே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்பது பட்டையிலேயே இருக்கும். அவரவர் என்றோ பதிந்து வைத்தது, அதை யாரும் மாற்றியதில்லை, ஊரே நலம். கண்ணாடியில் பார்த்தாலும் சொந்த முகத்தின் மேல் 'நான்' என்று ஒரு பட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் பட்டைக்குப் பின்னணி போடுவதுதான் சேந்தனின் உத்தியோகம். அன்றைக்குத் தீபாவளிக்காக ஜரிகைக் கரை வைத்த பின்னணி வெளியாக வேண்டும். புதுப் பின்னணி போடுவதற்கு ஒரு முறை உண்டு. பழைய நிறம் போவதற்காக முதலில் ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுப்படத்தை வைப்பார்கள். அதன் மேல் புதியதை விரிப்பார்கள். சேந்தன் வெற்றுப்படத்தை வைத்தான். கீழே போகும் கரைக்கோடு ஏனோ கோணிக்கொண்டு நின்றது. அதோடு மதியம்வரை மல்லுக்கட்டினான். கோடு நேரானதும் வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டான். நிறத்தை விரிக்கவே இல்லை.

சோதனைக் கூடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்பீர்கள். அங்கே சோதனை பண்ணுவது வெள்ளைப் பொம்மைகளை நிறுத்திவைத்து. அந்தப் பொம்மைகளுக்கு முகம் கிடையாது. எப்படியும் பட்டை மறைக்கப்போகிற இடத்தில் மூக்கும் வாயும் எதற்கு என்று யாரும் செதுக்கவில்லை. பின்னணி இல்லாத பட்டையின் வழியே பொம்மையின் வெள்ளைதான் தெரிந்தது. 'தும்பைப்பூ வெள்ளை, கரையோடு அருமை' என்று எழுதித் தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் சேந்தன் வீட்டுக்கு வந்தான். காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டியவன் நிமிர்ந்து பார்த்தான். பட்டையில் ஒரு பெண் இருந்தாள்.

கண்கள் உள்ளே போயிருந்தன. கன்னம் தளர்ந்திருந்தது. தாடைக்குக் கீழே ஒரு பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. தமயந்தி என்ற பெயருக்குப் பின்னாலிருந்து அந்த முகம் அவனையே பார்த்தது. அதன் வாய் அசைந்தது. "சூடு சரியா இருக்காங்க?" என்று தமயந்தியின் குரல் வந்தது.

சேந்தன் "ஐயோ!" என்று அலறினான். டம்ளர் போன இடம் தெரியவில்லை. வேலை அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். கணினி நிரல் எழுதும் நிரலர்கள் தங்களுக்குள் கிசுகிசுக்கும் கதை ஒன்று உண்டு. செத்துப்போனவர்களின் படங்கள் நினைவகத்தின் அடியில் எச்சமாகத் தங்கி, என்றாவது ஒருநாள் பட்டைக்குள் கசியும் என்பார்கள். அதைச் சொல்லிப் புதுப் பையன்களைப் பயமுறுத்தியவனே அவன்தான். இப்போது அவனுக்கே உள்ளங்கால் சில்லிட்டது.

பிரிவுத் தலைவி ரெஜினாவைக் கூப்பிட்டான்.

"மேடம், எங்க வீட்டுப் பட்டையில ஒரு பொம்பளை இருக்கா!"

"உனக்குமா? ஊர் பூரா இதே புகார்தான்யா. எங்க வீட்டுல எவனோ ஒரு கிழவன் என் புருஷன் சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். எட்டாவது தெருவுல ஒருத்தர் பெத்த மகனைப் பாத்துட்டுக் குளியலறையில பூட்டிக்கிட்டாராம். எந்தப் படம் கசியுதுன்னு பாத்து உடனே பிடுங்கி எறி. இல்லேன்னா நம்ம ரெண்டு பேரையும் பிடுங்கி எறிஞ்சுடுவாங்க."

சேந்தன் நிரலை வரி வரியாகத் துழாவினான். பின்னணிப் படம் எது? வெற்றுப்படம். அதற்குள் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அடியில் ஏதாவது எச்சம்? சுத்தமாகத் துடைத்திருக்கிறது. பட்டையில் எந்தப் பெண்ணும் இல்லை. பட்டை ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது, அவ்வளவுதான். அப்படியானால் அந்தப் பக்கம் நின்றது யார் என்று ஒரு கணம் யோசித்தான். அடுத்த கணம் விடை புரிந்துவிட்டது. முதலில் வந்த பயமே தேவலை என்று தோன்றியது.

கதவைத் திறந்தான். அந்த முகம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அழுதிருந்தது.

"நான் என்ன பண்ணேன்னு இப்படிக் கத்துனீங்க?"

கிட்டே போய்ப் பார்த்தான். வலது புருவத்தின் முனையில் ஒரு மச்சம். பட்டை முகத்துக்கு வருவதற்கு முன்னால், மாலை மாற்றியபோது பார்த்த மச்சம்.

"தமயந்தி... நீயா?"

"பின்ன யாரு? என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"இது என்ன, தாடைக்குக் கீழ?"

அவள் தடவிப் பார்த்தாள். "இதுவா? ரொம்ப நாளாக் கைக்குத் தட்டுப்படுது. முழுங்கும்போது கொஞ்சம் வலிக்கும். பட்டையில நலம்னுதானே வருது, யாருமே ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் மருத்துவர். கட்டியை எடுத்தார்கள். அதோடு ஒரு நரம்பும் போனதில் தமயந்தியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது கன்னம் தொங்கியது. ஆனால் உயிர் தங்கியது. உலகத்திலேயே தன் தப்பைக் கும்பிட்ட நிரலன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஊருக்கெல்லாம், புகார் வந்த அன்று இரவே நிறத்தை விரித்தாயிற்று. தங்கள் இருவரின் கண்ணில் மட்டும் சேந்தன் பட்டையைத் திறந்தே வைத்திருந்தான். சாப்பிடும்போது பார்த்தான், அவள் துணி மடிக்கும்போது பார்த்தான். இத்தனை வருஷம் இதை எங்கே வைத்திருந்தோம் என்று அவனுக்கு ஆறவே இல்லை.

ஒருநாள் தமயந்தி சொன்னாள், "பழையபடி பச்சையையே போட்டுடுங்க."

"ஏன்மா? எனக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு."

"அன்னிக்கு என்னைப் பாத்து அலறுனீங்கல்ல? அப்ப உங்க மூஞ்சி எனக்கும் தெரிஞ்சுது. அது என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது."

அன்றே பச்சையைப் போட்டான்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. முகங்களைத் திறந்துவிட்டால் என்ன, எங்கள் வீட்டில் ஓர் உயிர் பிழைத்திருக்கிறதே என்று அலுவலகத்தில் வாதாடினான். ரெஜினா ஊரிடமே கருத்துக் கேட்டாள். அடுத்தவர் முகம் வேண்டவே வேண்டாம் என்று பதில் வந்தது. கூடவே இன்னொரு கேள்வியும் வந்து குவிந்தது. அந்தச் சாயங்காலம் எல்லாரும் கண்ணாடியையும் பார்த்திருந்தார்களே! 'பிறர் கண்ணில் நான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை நானே முடிவு செய்யக் கூடாதா?'

"நியாயமான கேள்விதானே?" என்றாள் ரெஜினா. "அவங்கவங்களுக்குப் பிடிச்ச படத்தை அவங்கவங்களே வெச்சுக்கட்டும். பாக்கறவன் மாத்த முடியாதபடி பூட்டு ஒண்ணு போட்டுடு. முன்ன மாதிரி உன் தப்பு எதுவும் உள்ள புகுந்துடக் கூடாது."

சேந்தன்தான் அதைச் செய்தான். பூட்டையும் அவனே போட்டான், யாரும் உடைக்க முடியாத நல்ல பூட்டு. எல்லாரும் தங்கள் இளவயதுப் படத்தையே வைத்துக்கொள்ள, பொங்கலுக்குள் செங்குடி முழுவதும் இளசாகிவிட்டது. கல்யாண மாப்பிள்ளைகள் பல்செட்டைக் கழற்றிவைத்துக் கஞ்சி குடித்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்கள் பேரன்களை அதட்டினார்கள். ரெஜினா பட்டமளிப்புத் தொப்பியோடு கூட்டங்களை நடத்தினாள். யாரும் யாரையும் பார்த்துப் பயப்படவில்லை, ஒரு புகார்கூட வரவில்லை.

தமயந்தி பூமியைவிட்டுக் கிளம்பிய அன்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டாள். காற்றில் முடி பறக்க, யாரோ சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரிக்கும் படம். புருவ மச்சம்கூடத் தெளிவாகத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் இருவரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் கம்மியிருந்தது.

"தொண்டைக்கு என்ன? மறுபடியும் வலிக்குதா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"போன மாசமே வரச் சொன்னாங்களே ஆஸ்பத்திரியில. போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

"அங்க போனா மூஞ்சியில இருக்கற இந்தப் படத்தைக் கழட்டச் சொல்லுவாங்க."

சேந்தன் ஈரத் துணியைப் போட்டுவிட்டு அவள் தாடையின் கீழே கையைக் கொண்டுபோனான். விரல் படுவதற்குள் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது. அவன் புறங்கையில் ஒரு சொட்டுச் சூடாக விழுந்தது.

"தமயந்தி, அழறியா?"

"நானா? நல்லாப் பாருங்க, சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

அவன் நன்றாகப் பார்த்தான். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.