பத்தாவது தோல்

"அக்கா, அப்பத்தான் உரிச்ச காட்டெருமைப் பச்சைத் தோலுக்குள்ள, மயிர் உள்பக்கமா இருக்கச் சுருட்டிப் படுத்துக்கிட்டா, பனிப்புயல்லகூட குளிராதாமே, நெசமா?"

தம்பி ஜூபல் வேட்டைக்குக் கிளம்பிய காலையில் கேட்டது. வேட்டைக்காரர்களிடம் தோலுக்கு மாற்றாகக் கொடுக்கும் விஸ்கியில் ஆற்றுத் தண்ணீரும் புகையிலைச் சாறும் கலந்துகொண்டிருந்த ஆர்ஃபா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும், போடா" என்றாள்.

அதன்பின் அடித்த நான்கு நாள் பனிப்புயலில் அந்தப் பதில்தான் அவளைத் தூங்கவிடவில்லை. காற்று மிசூரி ஆற்றைக் கடந்து வந்து பலகைச் சுவரில் மோதும்போதெல்லாம் கதவையே கவனித்தாள். தம்பி தட்டும் விதம் தனி. இரண்டு தட்டு. சற்று விட்டு ஒன்று.

ஐந்தாம் நாள் மதியம், வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்த நேரத்தில், டோல்மன் மட்டும் சறுக்குவண்டியோடு வந்தான். தம்பியின் கூட்டாளி. காதை மூடும் தொப்பி போட்டிருந்தான். அதற்குள்ளும் இரண்டு காதிலும் காட்டெருமை மயிரைத் திணித்திருந்தான்.

"ஜூபல் எங்கய்யா?"

இரண்டாம் முறை கத்திக் கேட்ட பிறகுதான் திரும்பினான்.

"பின்னாடி வர்றான். பத்துத் தோல் இருக்கும்மா. விஸ்கிப் பீப்பாயக் குடு."

ஒன்பது தோல்கள் காய்ந்து தட்டையாக மடிந்திருந்தன. பத்தாவது பச்சைத் தோல். சுருண்டு, கட்டையாக உறைந்து, மயிர் உள்பக்கம் போயிருந்தது.

"இதென்ன, பிரிக்காமக் கொண்டாந்திருக்க?"

"உறைஞ்சு போச்சு. கொட்டகைல போட்டுடு. வசந்தத்துல பிரிச்சுக்கலாம்."

"நல்லாருக்கே! ஓட்டைத் தோல என் தலைல கட்டிட்டுப் போன ஆளாச்சே நீ. இளகட்டும், பார்த்துட்டுத் தர்றேன்."

அவன் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லாதவன்போல் பீப்பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவள் சுருளை இழுத்து வந்து இரும்பு அடுப்பருகே போட்டாள். தோலுக்கு மீறிய கனம். கொழுப்பு வாடையும் ஈர மயிரின் நெடியும் அறையெங்கும் மெல்லப் பரவின. உருகிய நீர் பலகை இடுக்கில் சொட்டியது. பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம், பல்லைக் கடிப்பதுபோல், விட்டு விட்டுக் கேட்டது.

பிறகு வேறொரு சத்தம்.

தட், தட்.

தட்.

ஆர்ஃபா கதவைத் திறந்தாள். வெளியே யாருமில்லை. வெள்ளை வெளி மட்டும்.

தட், தட்.

தட்.

முதுகுக்குப் பின்னால். அடுப்பருகே.

டோல்மனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோலுரிக்கும் கத்தி அவன் இடுப்பில்தான் இருந்தது. பளபளவென்று. ஒரே கீறலில் தோலைத் திறக்கும் கத்தி. கீறிய தோலுக்கு விலை கிடையாது.

"டோல்மன்... உள்ள யாரு?"

அவன் தொப்பியைக் காதுக்கு மேல் இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

சுருள் இளகியது. ஓரம் சரிந்தது. மெதுவாக, தானாக, விரிந்தது.

ஜூபல். இமை முழுக்க உறைபனி. திறந்த வாய். முகத்துக்கு நேரே தூக்கிய முஷ்டி. விரல்களில் நகமில்லை. தோலின் உள்பக்கம், முகத்தருகே, மயிர் இல்லாத இடம் ஒன்று. இரண்டு கையகலம்.

மண்டியிட்டாள். கன்னத்தைத் தொட்டாள். கல்.

முஷ்டி அசையவில்லை.

தட், தட்.

தட்.

டோல்மன் ஒரு காதிலிருந்த மயிரை எடுத்தான். தலையைச் சாய்த்துக் கேட்டான். மறுபடி திணித்துக்கொண்டான். பீப்பாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே போனான்.