விளையாடுபவர்: ஒருவர்

கரண்ட் போன பிறகும் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்துவார்கள் என்று ஆரணியில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஒன்பது அடித்ததும் தெருவின் பவர்லூம்கள் எல்லாம் ஒரே மூச்சில் வாயை மூடிக்கொண்டன. பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள்ளேயே பேசி, தூங்கி, சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு அது நின்றால்தான் காதுக்குள் என்னவோ செய்யும். மாடி வீட்டு அடுப்படியில் காபி டம்ளரோடு நின்றிருந்த லீலாவுக்கும் செய்தது. அப்புறம்தான் அது கேட்டது. டக்கட, டக்கட, டக்கட என்று ஒரே ஒரு தறி, அவள் காலுக்கு நேர் கீழே.

கீழே தறி ஏது? கணவர் வேணுகோபால் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவர் ஓட்டிய இரண்டு தறிகளையும் போன ஆடியில் தேசூர்க்காரர் ஒருவருக்கு, பேரீச்சம்பழத்துக்குப் போடாத குறையாகக் கொடுத்தாகிவிட்டது. இப்போது கீழே இருப்பது வெறும் கொட்டகை, தரையில் துருத்திக்கொண்டிருக்கும் எட்டு போல்ட்டுகள், வெளியே ஒரு பூட்டு. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். சத்தம் நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவில் யாரோ ஜெனரேட்டர் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை.

அன்று அவளுக்குப் பயப்பட நேரமும் இல்லை. பயத்தைத் தேர்ந்தெடுக்கிற வேலை இருந்தது.

மகன் வெற்றிச்செல்வன் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வாரத்துக்கு ஒரு போன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், வைக்கட்டுமா. இரண்டு நிமிஷத்துக்குமேல் போனால் இருவருக்குமே வார்த்தை தீர்ந்துவிடும். பெற்ற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று முன்கூட்டியே யோசித்து வைக்கிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. அவளுக்கு வந்திருந்தது. போன வாரம் மட்டும், வேறொன்றும் தோன்றாமல், ராத்திரியெல்லாம் என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டு வைத்தாள். பேய் கேம் ஆடுகிறேன் என்றான். கம்ப்யூட்டரில் இருட்டு வீடுகளுக்குள் தனியாகப் போகிற ஆட்டமாம். அதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினான், நடுநடுவே சிரித்தான்கூட. போனை வைத்த பிறகு லீலா அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். வைப்பதற்கு முன்னால் அவனே ஒரு யோசனை சொல்லியிருந்தான். அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நீ ஒரு கேம் எடுத்துக் கொடு, நான் இங்கிருந்து ஆடுகிறேன், நீ அங்கிருந்து பார்.

“எனக்கு எது பயமா இருக்கும்னு பாக்காதம்மா. உனக்கு எது பயமோ அத எடு. மொக்கையா இருந்தா அஞ்சு நிமிஷத்துல மூடிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டில்லை. சரியாக எடுத்துவிட்டால் வாராவாரம் ஒரு மணி நேரமாவது பிள்ளையின் குரல் இந்த வீட்டில் கேட்கும். தப்பாக எடுத்தால் பழையபடி மழையா, மழைதான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். பேய் ஆட்டம் ஆடுகிற பிள்ளையைப் பெற்றவள் மட்டும் தரையில் நிற்க முடியுமா? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் போன் நெட்டை இணைத்து, சுவரைப் பார்த்த மேஜையில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

சின்னச் சின்னப் படங்களாக நூற்றுக்கணக்கில் வந்தன. ஆஸ்பத்திரி வராந்தா, கண் பிதுங்கிய பொம்மை, பனிக்காடு, ரத்தம் வழியும் குளியல் தொட்டி. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து மார்க் போட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் பார்க்காததா? பொம்மைக்குப் பயப்படுகிற வயசும் தாண்டிவிட்டது. பனியைக் கண்ணால் கண்டதே இல்லை, காணாததற்கு எப்படிப் பயப்படுவது என்று அதற்கு இரண்டு மார்க். வீடியோவில் எதுவாவது கத்திக்கொண்டு பாயும்போது திடுக்கென்றது உண்மைதான். ஆனால் அந்தத் திடுக் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தாலும் வரும்.

மதியம் எதிர்வீட்டுப் பூங்காவனம் பட்டுச்சேலையில் ஜொலித்துக்கொண்டு தெருவிலிருந்தே கூப்பிட்டாள். கண்ணமங்கலத்தில் கல்யாணமாம், பாதித் தெரு அங்கேதான் போகிறதாம், எங்கேயோ கம்பம் சாய்ந்துவிட்டதால் ராத்திரி எட்டுக்குமேல்தான் கரண்ட் வருமாம். போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டாள்.

“கீழ கொட்டாய வாடகைக்கு உட்டுட்டியா லீலா? காலைல இருந்து யாரோ நடந்துகினே இருக்கிற மாதிரி கீதே.”

பெருச்சாளியாக இருக்கும் என்று லீலா சிரித்தபடி சொன்னாள். பூங்காவனமும் சிரித்துவிட்டுப் போனாள். வேன் கிளம்பும் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

மூன்றரை மணி வாக்கில், பட்டியலின் அடியில், பெயரே இல்லாத ஓர் ஆட்டம் அகப்பட்டது. படத்தில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு மாடிப்படி. செங்காவி பூசிய சிமென்ட் படி, ஏழாவது படியில் விளிம்பு உடைந்திருக்கிறது, இடது பக்கம் ஒரு கம்பி ஜன்னல். மற்ற ஆட்டங்களில் எல்லாமே இங்கிலீஷில் எழுதியிருக்க, இதன் கீழே மட்டும் தமிழில் ஒரு வரி இருந்தது. இப்போது விளையாடுபவர்: ஒருவர். லீலாவின் முன்கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணம் அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டுச் சேலைக்குக் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கொடுக்கிறவள் அவள். அவள் படம் போகிற தறிகளில் சேலையின் நல்ல பக்கம் கீழ்நோக்கி இருக்கும், நெய்கிறவர் பார்ப்பது பின்பக்கம். அதனால் வலது பக்கம் பார்க்க வேண்டிய மயிலை இடது பக்கம் பார்க்கப் போடணும். பழகிப் பழகி, இப்போது திரையில் எந்தப் படத்தைக் கண்டாலும் கேட்காமலே மனசு இடதை வலதாக்கிவிடும். இந்தப் படிக்கட்டையும் திருப்பித்தான் பார்த்தாள். திருப்பிப் பார்த்ததால், தினமும் ஏறி இறங்குகிற தன் வீட்டுப் படியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பத்துக்குப் பத்து போட்டு, மகனுக்கு அனுப்பி வைத்தாள்.

கார்த்திகை மாத இருட்டு ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டது. தூறல் வேறு. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி மேஜை ஓரத்தில் வைத்தாள். சார்ஜ் போய்விடுமே என்று அதுவரை லேப்டாப்பை மூடி வைத்திருந்தவள், இப்போதும் அதன் கேமராவை அணைத்தே வைத்தாள். சரியாக ஆறுக்கு வெற்றி லேப்டாப்பிலேயே கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது, பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறவன் குரல்.

“இத எங்கம்மா புடிச்ச? ஒரு ரெவ்யூகூட இல்ல. பாத்துகினே இரு, ஆரம்பிக்கிறேன்.”

அவன் கம்ப்யூட்டரில் ஓடுவது அவள் திரையில் தெரிந்தது. முதலில் கறுப்பு. பிறகு ஆட்டக்காரனின் கண் திறப்பதுபோல் மெல்ல ஒரு சாம்பல் வெளிச்சம். சிமென்ட் தரை, தாழ்ந்த கான்கிரீட் கூரை, சுவரெல்லாம் பழைய எண்ணெய்க் கறை. தரையில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. வெற்றி கிட்டத்தில் போனான். போல்ட்டுகள். நாலு இங்கே, நாலு அங்கே. தறிகளை விற்ற பிறகு ஊர்ப் பக்கமே வராதவனுக்கு அந்த இருட்டில் எதுவும் அடையாளம் தெரியவில்லை. ரெண்டு மெஷின் இருந்த இடம் போல என்று அவன் சொல்லிக்கொண்டே போக, லீலாவின் மூக்கில் தறி எண்ணெய் வாசனை ஏறியது. ஜன்னல் வழியாக வரவில்லை. தரையின் விரிசல் வழியாக, கீழிருந்து, ஈரத்தோடும் துருவோடும் கலந்து வந்தது.

இந்த ஆட்டத்தில் பேய் யாரடா என்று கேட்டாள்.

“அதாம்மா செம. நம்மதான் பேய். வெளிய பூட்டி வெச்சிருக்காங்க. கதவ தள்ளட்டா?”

பதில் சொல்வதற்குள் தள்ளிவிட்டான். திரையில் கதவு அதிர்ந்தது. கீழே ஏதோ கனமான இரும்பு சிமென்ட்டில் விழுந்து உருண்டது. லேப்டாப் சத்தம்தான் எதிரொலிக்கிறது என்று நினைத்து, ஒலியை அடியோடு குறைத்தாள். மகனின் குரலும் இல்லாத அந்த மௌனத்தில், கீழே காலடி கேட்டது. ஈரக் கால். ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. திரையில் காட்சி எப்போது அசைந்ததோ அப்போதெல்லாம் அடி. எப்போது நின்றதோ அப்போது நின்றது. ஒலியைக் கூட்டினாள்.

அது நம் வீடுடா என்று சொல்ல வாய் வந்தது. தனியாகக் கிடந்து அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவன் நினைப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஓடிவிடலாம் என்றால் இறங்குவதற்கு இருப்பது அந்த ஒரு படிதான்.

“போதும்டா வெற்றி. நிறுத்திடலாம்.”

அவன் குரல் சுருங்கி, தட்டையாகி வந்தது. இரண்டு நிமிஷக் குரல்.

“சரிம்மா. புடிக்கலன்னா வேணாம். வெச்சிடட்டா?”

வை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் போய்விடுவான். கரண்ட் இல்லாத வீடு, ஆளில்லாத தெரு, கீழே அது, இவள். பயத்தைவிட அந்த மௌனத்துக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். அதுதான் உண்மை.

“இல்லடா. ஆடு. நல்லாத்தான் கீது.”

அவன் குரலில் உயிர் திரும்பியது. சின்ன வயசில் பேய்க் கதை கேட்டால் தான் எப்படித் தலையணைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வான் என்று கதை சொல்லிக்கொண்டே படியேறினான். முதல் படி. இரண்டாம் படி. கீழே ஈரக் கால் சிமென்ட்டில் ஒட்டிப் பிரிந்தது. மூன்று. நாலு. எண்ணெய் வாசனை கெட்டியானது. மெழுகுவத்திச் சுடர் கதவுப் பக்கமிருந்து உள்நோக்கிச் சாய்ந்தது. ஏழாவது படியில் உடைந்த விளிம்பு கொஞ்சம் உதிர்ந்தது. திரையில் உதிர்ந்தது. வெளியேயும் உதிர்ந்தது. சின்னச் சின்னச் சிமென்ட் துண்டுகள், தட்டுத் தட்டென்று, அடிவரை.

படி முடிந்தது.

“ரெண்டு ரூம் கீதும்மா. ஒண்ணு லெஃப்ட்டு, ஒண்ணு ரைட்டு. நீ சொல்லு, எதுல போவட்டும்?”

இரண்டும் சாத்திய கதவுகள். இரண்டும் ஒரே நிறம். படியேறி வந்தால் வலது அறையில் அவள் இருக்கிறாள். இடது அறை வெற்றி படித்த அறை, இப்போது காலி, நாலு அட்டைப்பெட்டி. காலி அறைக்கு அனுப்பிவிடலாம். அதற்குள் போகட்டும். இவள் இறங்கி ஓடிவிடலாம். லேப்டாப்பையும் போனையும் அள்ளிக்கொண்டு, அவன் குரலோடேயே ஓடிவிடலாம். திரையைப் பார்த்தாள். நெஞ்சு அடிக்கிற அடியில் யோசிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் யோசித்தது. படத்தில் வலது என்றால் நிஜத்தில் இடது.

“வலது பக்கம் போடா.”

சொன்ன பிறகுதான் புரிந்தது. இது சேலை இல்லை. யாரும் இதைத் திருப்பிப் போடவில்லை.

பின்னால் தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையில் கதவு திறந்தது. மெழுகுவத்தி வெளிச்சம். ஒரு மேஜை. கதவுக்கு முதுகு காட்டி ஒரு பெண். வகிட்டில் நரை. முடிச்சு தளர்ந்த கொண்டை.

“அம்மா, யாரோ லேடி உக்காந்துகினு இருக்காங்க.” வெற்றி ரகசியம் பேசுகிறவன்போல் குரலைத் தாழ்த்தினான். “அசையவே மாட்றாங்க. பாவம், தனியா கீறாங்க போல. கிட்ட போறேன். பயந்துடாத, நான் லைன்லதான் கீறேன்.”

எவ்வளவு அன்பாகச் சொன்னான். இப்படி அவன் பேசி எத்தனை வருஷம். லீலாவின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. எண்ணெய் வாசனை. ஈரம். பிடரியில் குளிர்ந்த மூச்சு. திரையில் ஒரு கை நீண்டது. கட்டம் கட்டமாக உடைந்து, கட்டம் கட்டமாகச் சேரும் கை. தோளிலிருந்து நழுவியிருந்த முந்தானையை அது பதமாக எடுத்துச் சரிசெய்தது. அவள் தோளில் துணி நகர்ந்தது.

“நான் எதையும் அழுத்தலம்மா,” என்றான் வெற்றி. “கைய எடுத்துட்டேன். அதுவா போவுது.”

விரல்கள் தோளிலிருந்து கழுத்துக்கு வந்தன. கழுத்திலிருந்து தாடைக்கு. நிதானமாக, அவசரமே இல்லாமல், அவள் முகத்தைப் பின்னால் திருப்பத் தொடங்கின.

“அம்மா, அந்த லேடி திரும்பறாங்க,” என்று சின்னப் பையன்போல் சிரித்தான். கன்னம் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. மூக்குக் கண்ணாடியில் மெழுகுவத்தியின் மஞ்சள் தெரிந்தது.

சிரிப்பு நின்றது.

“அம்மா?”