தொண்ணூற்றெட்டு குடிக்கும் கார்

காலை 7.31. மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவைத் தாண்டி, அந்தச் சிவப்பு கார் பள்ளத்தில் கிடந்தது. நாற்பதடிப் பள்ளம்தான், ஆனால் விழுந்த வேகத்தில் மலையே ஒருமுறை தும்மியது. ஓட்டியவன் உயிரோடு இல்லை. இன்ஜினைப் பிரித்தபோது பிஸ்டனின் தலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஏறும்போதே இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டி, கார் திரும்ப மறுத்திருக்கிறது.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரின் பட்டப்பெயர் கொட்டாவி. கேள்விக்கு ஒன்று விடுவாள். உள்ளே ஒரு லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தலாம். தூங்குமூஞ்சி என்று நம்பி எதிரில் இருப்பவர்கள் வாயை விடுவார்கள். அங்கேதான் பிடி.

காலை 9.10. கார் கிளம்பிய மெக்கானிக் ஷெட்டின் ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் இறந்தவனின் அண்ணன், ஷெட் முதலாளி. ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். 7.12க்கு வண்டியை ஸ்டார்ட் செய்தார்களாம், 7.15க்குக் கிளம்பியதாம்.

"நின்ன இடத்துலயே கடகடன்னு இரைஞ்சுது மேடம். தகர டப்பால கோலிக்குண்டு போட்டுக் குலுக்கினாப்ல. அதைக் கேட்டும் மெக்கானிக் அனுப்பி வெச்சான்."

கொட்டாவி.

அடுத்து மெக்கானிக், இறந்தவனின் மச்சான். இன்ஜின்மேல் காதை வைத்தே நோய் சொல்வதால் ஊரில் அவன் பெயர் ஸ்டெதாஸ்கோப். பழைய இன்ஜினை ரேஸுக்காக அழுத்தம் கூட்டிக் கட்டியதாகச் சொன்னான். தொண்ணூற்றெட்டு ஆக்டேன் பெட்ரோல்தான் அதற்குச் சரி. குறைந்தால், ஏற்றத்தில் மிதிக்கும்போது பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானாக வெடித்து, கோலிக்குண்டு குலுக்கும் சத்தத்தோடு பிஸ்டனைத் தின்றுவிடும். முந்தின நாள் மாலை தொண்ணூற்றெட்டு கேனின் சீலை உடைத்து டேங்கில் ஊற்றியவன் அவனே. ஷெட் சாவி அவனிடமும் முதலாளியிடமும் மட்டும்தான்.

பிற்பகல் 3.00. லேபிலிருந்து போன். டேங்கில் இருந்தது பங்க்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல், வெறும் தொண்ணூற்றொன்று.

எல்லார் பார்வையும் மெக்கானிக் பக்கம் திரும்பியது. முந்தின நாள்தான் அவன் இறந்தவனைக் கன்னத்தில் அறைந்திருந்தான், வயிற்றில் பிள்ளையோடு ஏழு மாசக்காரியை வீட்டில் வைத்துக்கொண்டு ரேஸ் என்ன கேடு என்று. அந்த ஏழு மாசக்காரி, அவனுடைய சொந்தத் தங்கை, இப்போது அவன் முகத்தையே பார்க்கவில்லை. புருஷன் போயாகிவிட்டது, அண்ணனும் கொலைகாரனென்றால் அவளுக்கென்று உலகத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது.

மாலை 5.20. அதேபோல் கட்டிய இன்னொரு கார் ஷெட்டில் நின்றது. அதில் தொண்ணூற்றொன்றை ஊற்றி ஸ்டார்ட் செய்யச் சொன்னாள் இன்ஸ்பெக்டர். மூன்று நிமிடம் ஓடியது. குறட்டை விடும் குண்டுப் பூனை மாதிரி, சீரான உறுமல்.

"கோலிக்குண்டு எங்க சார்?"

முதலாளி காதைச் சாய்த்தார். வியர்வை அவர் சட்டையை ஆற்றில் நனைத்தெடுத்தது போலாக்கியிருந்தது.

"சும்மா நிக்கிற வண்டிக்கு இதுவே போதும் சார். ஏத்தம் வேணும், மிதி வேணும், அப்பத்தான் இரையும். மெக்கானிக் சொல்லி நீங்க பாதியக் கேட்டிருக்கீங்க, எப்போ இரையும்னு கேக்கல. லேபுக்கே மூணு மணிக்குத்தான் தெரிஞ்சுது. உங்களுக்குக் காலைல ஒன்பது மணிக்கே பெட்ரோல் சத்தம் கேட்டிருக்கு." இந்த முறை கொட்டாவி இல்லை. "பெட்ரோல மாத்தினது நீங்கதான்."

முதலாளி தரையைப் பார்த்துப் பேசினார். "மச்சான் வந்ததுலேர்ந்து தம்பி என் பேச்சக் கேக்கிறதில்ல. ஸ்டார்ட் பண்ணதும் இரையும், வண்டிய நிறுத்திடுவாங்க, இவன் மானம் போகும்னு நினைச்சேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்துட்டு நின்னேன் மேடம். வரவே இல்ல."

தங்கை அன்று முதன்முறையாக வாய் திறந்தாள். "வரலன்னதும் நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. மூணு நிமிஷம் இருந்துச்சே."

"சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பானேம்மா."

அவள் கிரீஸ் படிந்த அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.